அப்பாவின் சாட்சியும் ஒரு ஜோடிக் கருவளையும்

கழக்கூட்டம் சந்திப்பை விட்டு நகரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். கால்சட்டைப் பையில் ஒரு ஜோடிக் கருவளை இருந்தது. பின்னால் தெருக்கூட்டத்தில் உபதேசியார் தகரக் குழலில் பேசுவது இன்னும் கேட்டது. முதலில் வார்த்தைகள் புரிந்தன. பிறகு குரல் மட்டும் வந்தது. காரியவட்டத்து ஏற்றத்தில் அதுவும் நின்றுபோனது. நான் ஓடவில்லை. ஓடுகிற பையனை யாராவது பிடித்து நிறுத்துவார்கள், நடக்கிற பையன் கடைக்குப் போகிறான் என்று விட்டுவிடுவார்கள். பன்னிரண்டு வயதிலேயே அது எனக்குத் தெரிந்திருந்தது. பிற்பாடு எத்தனையோ ஊர்களை விட்டுக் கிளம்பியபோதெல்லாம் அப்படித்தான் நடந்தேன்.

வளைகள் என் விரல்களுக்குக்கூட இறுக்கமானவை. ஒன்றில் மட்டும் ஓரிடத்தில் சொரசொரப்பாக இருக்கும். முளைத்து வந்த முதல் பல்லால் தங்கச்சி கடித்த இடம். நடக்க நடக்கப் பைக்குள் கையை விட்டு அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தேன்.

உங்களில் என் வயதுக்காரர்களுக்கு அன்றைய கழக்கூட்டம் நினைவிருக்கும். மரச்சீனிக் கிழங்கும் மீனும் விற்கிற சந்தை, சில ஓட்டுக் கடைகள், வயல், சாலையோரம் கட்டிப்போட்ட மாடு. இன்றைக்குக் கண்ணாடிக் கட்டிடங்களைப் பார்க்கிறவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் சொல்ல வந்தது ஊரைப் பற்றி அல்ல. அந்த ஒரு வருஷம் எங்கள் அப்பா தெருத்தெருவாகச் சாட்சி சொன்னார். நான் அதை மலையாளத்தில் திருப்பிச் சொன்னேன். அதைப் பற்றித்தான்.

அப்பா சாலை என்ற கடைத்தெருவில் மூட்டை சுமப்பவர். மார்த்தாண்டத்துக்கு மேற்கே இருந்து பிழைப்புக்கு வந்தவர். அம்மா ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் மிளகாய் வத்தல் காம்பு கிள்ளுவாள். சாக்குகளைப் பிரித்துத் தரையில் கொட்டி, சுற்றி உட்கார்ந்து பெண்கள் நாள் முழுக்கக் கிள்ளுவார்கள். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. தும்மிக்கொண்டே நுழைவார், தும்மிக்கொண்டே போவார். அம்மாவின் விரல்கள் எப்போதும் எரியும். வீட்டுக்கு வந்தால் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டு, எரிச்சல் அடங்குகிறதா என்று தன் உதட்டில் வைத்துப் பார்ப்பாள். அதற்கப்புறம்தான் எங்களைத் தொடுவாள். தங்கச்சி பசித்து அழுதுகொண்டிருக்க, அம்மா எண்ணெய்க் கையோடு காத்து உட்கார்ந்திருப்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தங்கச்சி ஒரு மழைக்காலத்தில் மூச்சு இளைப்பு வந்து இறந்துபோனாள். அப்பா ரிக்‌ஷா கூட்டிவரப் போனார். வரவில்லை. அம்மா பிள்ளையைச் சேலைக்குள் போர்த்திக்கொண்டு மழையில் நடந்தே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாசல்வரைக்கும் பிள்ளைக்கு மூச்சு இருந்தது என்று அம்மா சொல்வாள். அதற்கு மேல் சொல்லமாட்டாள். கருவளைகளைக் கழற்றித் தகரப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். எங்கள் சபையில் திருஷ்டிக்குக் கருவளை போடுவது சரியில்லை என்பார்கள். அம்மா போட்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை.

உபதேசியார் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது அதற்குப் பிறகு. ஒல்லியான மனிதர், கதர் ஜிப்பா, பழைய சைக்கிள். சாயங்காலமானால் சாலைத் தெருமுனைச் சாராயக்கடைக்கு எதிரே சைக்கிளை நிறுத்திக்கொண்டு நிற்பார். பிரசங்கம் செய்யமாட்டார். நிற்க முடியாமல் வெளியே வருகிறவனைக் கேரியரில் உட்காரவைத்து வீட்டில் கொண்டுவிடுவார். அப்பாவை அப்படி எத்தனை தடவை கொண்டுவந்திருப்பார் என்று கணக்கில்லை. சுவிசேஷம் என்ற சொல்லை அப்பா முதன்முதலில் காது கொடுத்துக் கேட்டது அந்தக் கேரியரில் உட்கார்ந்துதான். வழியில் ஒருநாள் உபதேசியாரின் முதுகிலேயே வாந்தி எடுத்தார். மறுநாளும் உபதேசியார் அங்கேயே நின்றார், துவைத்த அதே ஜிப்பாவோடு.

பிறகு அப்பா குடியை நிறுத்தினார். எப்படி நிறுத்தினார் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. அவருடைய கை நடுங்கியதும், உபதேசியார் எங்கள் வீட்டுத் தரையில் படுத்து அவரைப் பிடித்துக்கொண்டதும், அம்மா கஞ்சியை ஊட்டியதும்தான் எனக்குத் தெரியும். எழுந்து உட்கார்ந்ததும் அப்பா முதலில் கேட்டது சாட்சி சொல்ல வேண்டும் என்று. உபதேசியாரின் கூட்டத்தில் அது வழக்கம். மீட்கப்பட்டவன் தெருவில் நின்று, தான் என்னவாக இருந்தேன், இப்போது என்னவாக இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். பிரசங்கத்தைக் கேட்க நிற்காதவனும் சாட்சியைக் கேட்க நிற்பான்.

அப்பாவுக்கு மலையாளம் மூட்டை தூக்குகிற அளவுக்குத்தான் வரும். அதுவரை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த மலையாளி சகோதரர் ஒருவருக்கு வேறு ஊருக்கு வேலை மாற்றல் ஆகியிருந்தது. நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். உபதேசியார் என் தோளைப் பிடித்து நிறுத்தி விதிகளைச் சொன்னார்.

"அப்பன் நான்னு சொன்னா நீயும் ஞான்னு சொல்லணும், கேட்டியா மக்களே? 'இவர் இப்படிச் சொல்லுதாரு'ன்னு தள்ளி நிக்கப்பிடாது. அப்பன் ஒரு வரி சொல்லி நிறுத்துவான். அந்த இடத்துல நீ பிடிக்கணும். அவன் கையைத் தூக்கினா நீயும் தூக்கு."

"அப்பா அழுதா?"

உபதேசியார் யோசித்தார். "அழுதா நீ சும்மா நில்லு. அழுகைக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்."

அப்படியாக, பன்னிரண்டு வயதில் நான் கிழக்கேகோட்டையிலும் பாளையத்திலும் நின்று, உடையாத குரலில், "ஞான் ஒரு குடியனாயிருந்நு. என்டெ பாரியயெ ஞான் தல்லி" என்று உரக்கச் சொன்னேன். நான் குடிகாரனாக இருந்தேன், என் மனைவியை அடித்தேன். குடிப்பதற்காக வீட்டு வெண்கல உருளியை விற்ற கதையும் அதோடு வரும். கூட்டம் முதலில் சிரிக்கும். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து அடங்கும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "எடா, நின்டெ பாரியய்க்கு சுகமாணோ?" என்று என் மனைவியின் நலம் விசாரிப்பார்கள். மூட்டை சுமப்பவர்கள் இன்னும் மோசம். "மாப்பிள்ளே, இன்னைக்கு அடிச்சியா, இல்லே லீவா?" என்று கேட்டுவிட்டு நிலக்கடலை வாங்கித் தருவார்கள். நான் வாங்கித் தின்றேன்.

அம்மாவுக்கு அப்போது வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. காம்பு கிள்ளுகிற பெண்கள் அவளிடம், "ஒன் மாப்பிள்ளை உருளி வித்தத பாட்டு மாதிரில்லா சொல்லுதாரு" என்றபோது அம்மா தலை நிமிராமலே சொன்னாளாம்: "வித்தது ஒரு உருளியாக்கும். இப்ப மூணு ஆயிட்டு. நம்ம வீட்ல மூணு உருளி இருந்துன்னு ஊரு நினைச்சா நமக்கு மரியாதைதானே." வீட்டில் அப்பாவிடமும் அதையே சொல்லிச் சிரித்தாள். குடிக்காமல் வருகிறார். அதற்குப் பதிலாக ஊர் எதைக் கேட்டாலும் கேட்கட்டும் என்று நினைத்திருப்பாள்.

சாட்சி நாளாக நாளாக உபதேசியாருக்கு ஏதோ குறை தெரிந்தது. ஒருநாள் எங்கள் வீட்டில் கட்டன்காப்பி குடித்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்.

"இன்னும் ஒண்ணு உள்ள வச்சிருக்கே தம்பி. அது என்னன்னு எனக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும். அத வச்சிக்கிட்டிருந்தா அது ஒன்ன இழுக்கும்."

அவர் சொன்னது பொய்யல்ல. இத்தனை வருஷம் கழித்து யோசித்துப் பார்த்தாலும் அது பொய்யில்லை என்றுதான் தோன்றுகிறது. அவர் சொல்லாமல் விட்டது, உள்ளே இருப்பதை முதலில் யாரிடம் எடுத்து வைப்பது என்பது.

அடுத்த கூட்டம் கிழக்கேகோட்டையில். வழக்கமான உருளிக்குப் பிறகு அப்பா நிறுத்தினார். நான் மலையாளத்தில் முடித்தேன். அவர் வழக்கமில்லாத இன்னொரு வரியைச் சொன்னார்: "எனக்கு ஒரு மகள் இருந்தா." என் வாய் பழக்கத்தில் அதையும் பிடித்துக்கொண்டது. இளைப்பு, மழை, ரிக்‌ஷா கூட்டிவரப் போனவர் சாராயக்கடையில் நினைவு தப்பும்வரை குடித்தது, எல்லாம் வரிசையாக வந்தது. நான் திருப்பிக்கொண்டே போனேன். கடைசியில் அப்பா சொன்னார்: "என்னைத் திருப்புறதுக்காகக் கர்த்தர் அவளை எடுத்துக்கிட்டார்." அதையும் சொன்னேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள். அன்றைக்கு ஜெபத்துக்கு வந்து முழங்காலிட்ட அளவுக்கு ஆட்கள் அதுவரை வந்ததில்லை. உபதேசியார் அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதார். அப்பாவின் முகம் காய்ச்சல் விட்டவனின் முகம் போல இருந்தது.

மறுநாளே ஆரியசாலைக்கு அந்தச் செய்தி போய்விட்டது. சாயங்காலம் அம்மா சோறு போட்டாள். மீன்குழம்பும் ஊற்றினாள். அப்பா இரண்டு வாய் சாப்பிட்டதும் கேட்டாள்.

"பிள்ளையைச் சொன்னியளாமே?"

"சொன்னேன்." அப்பா தட்டைப் பார்த்தபடி இருந்தார். "உள்ள வச்சிருந்தா திரும்பவும் குடிச்சிருவேன்னு பயமா இருக்கு."

"அடிச்சத சொல்லுங்க. உருளிய சொல்லுங்க. அதெல்லாம் ஒங்க காரியம். அவ எங் காரியம்."

"எனக்கும் பிள்ளைதானே அவ?"

"அண்ணைக்கு இல்லியே."

அப்பா தட்டை நகர்த்தி வைத்தார். அம்மா குரலை உயர்த்தவில்லை.

"கர்த்தர் எடுத்தாருன்னு சொன்னியளாம். ஒங்களுக்குப் பாடம் படிப்பிக்கவா எம் பிள்ளை செத்துது? கை எரிச்சல் போற மட்டும் காத்திருந்து தொட்ட பிள்ளையாக்கும் அது. இன்னொரு தடவை அவளை ரோட்டுல எடுத்தா, நான் இவனையும் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அதுக்குப் பெறகு நீங்க குடிச்சாலும் சரி, ஜெபிச்சாலும் சரி."

அப்பா இனிமேல் சொல்லமாட்டேன் என்றார். கொஞ்ச நாள் சொல்லவும் இல்லை. ஆனால் சாயங்காலங்களில் அவருக்கு நிலைகொள்ளவில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பார். சும்மாட்டுத் துணியை முறுக்கிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருப்பார். அந்தப் பிள்ளையின் கதையைச் சொன்ன அன்று வந்த இளைப்பாறுதல் அவருக்கு மறுபடி வேண்டியிருந்தது. அது குடியைப் போலவேதான் அவரைப் பிடித்திருந்தது என்று இன்று எனக்குப் படுகிறது. அன்று எங்களில் யாருக்கும் அது தெரியவில்லை. உபதேசியார் ஒருநாள், "சாட்சியில உயிர் இல்லையே தம்பி, வீட்ல ஏதும் வருத்தமா?" என்று கேட்டார். அப்பா, "இல்லை ஐயா, பிள்ளைய சொல்றதுக்கு அவளுக்கும் சம்மதம்தான்" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். அது தமிழில் சொன்னது, எனக்கு வேலையில்லை என்று நின்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். சமீபத்தில் கழக்கூட்டத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் காவல் வேலை பார்த்தேன். மேம்பாலத்துக்கு அடியில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில், கம்பெனிப் பிள்ளைகள் சிலர் கிட்டாரும் சின்ன ஒலிபெருக்கியுமாக வந்து நிற்பார்கள். கட்டிட வேலைக்கு வந்திருக்கிற தமிழ்நாட்டுக்காரர்கள், வங்காளத்துக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் தென்காசிப் பக்கத்துப் பெயின்டர் ஒருவர் சாட்சி சொன்னார். ஒரு பெண் அதை மலையாளத்தில் சொன்னாள். தன் மனைவி மண்ணெண்ணெய் ஊற்றிக்கொள்ளப் போனதை அவர் சொன்னார். முடிந்ததும் நான் போய்க் கேட்டேன்.

"தம்பி, இத சொல்றதுக்கு வீட்ல கேட்டியா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவதான் அண்ணாச்சி சொல்லச் சொன்னா. நான் மாட்டேன்னேன். சொன்னா யாராவது ஒருத்தி கேப்பா, கையில இருக்கிறத கீழ வைப்பான்னா."

எனக்கு அது நன்றாக இருந்தது. சாட்சி சொல்வதே தப்பு என்று நான் எப்போதும் நினைத்ததில்லை. பெயின்டர் எனக்கு ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பழைய கழக்கூட்டத்துக்கு வருகிறேன். அந்தக் குழுவில் இன்னொரு வழக்கமும் இருந்தது. சாட்சி சொல்கிறவர்கள் விட்டுவந்த வாழ்க்கையின் ஏதாவது ஒரு பொருளைக் கையில் எடுத்துக் காட்டுவார்கள். ஒருவர் சீட்டுக்கட்டைக் காட்டுவார். இன்னொருவர் மந்திரித்த தாயத்தை. உடைந்த புட்டியைக் காட்டுகிற ஒருவர் அதைத் துணியில் சுற்றி அவ்வளவு பத்திரமாக வைத்திருப்பார். அப்பாவிடம் காட்ட எதுவும் இருந்ததில்லை. குடித்தது எல்லாம் கடைக் கிளாஸில்.

அன்று கழக்கூட்டத்தில் சந்தை கூடியிருந்தது. வெயில். மீன்கூடைகளின் வாடை. சைக்கிள்காரர்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டார்கள். அப்பா குடியைச் சொன்னார், அடியைச் சொன்னார், உருளிகளைச் சொன்னார். நான் திருப்பினேன். பிறகு அவர் மடியிலிருந்து எதையோ எடுத்துத் தோளளவுக்கு உயர்த்திப் பிடித்தார். வெயிலில் கருப்பாகப் பளபளத்தது. அது தகரப் பெட்டிக்கு வெளியே இருக்கக்கூடாத பொருள்.

"இது எம் மகளுடைய வளை" என்றார் அப்பா. வழக்கம்போல நிறுத்தினார்.

நான் பேசவில்லை.

அவர் மறுபடியும் சொன்னார். "இது எம் மகளுடைய வளை." என் பக்கம் திரும்பவில்லை. கூட்டத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"சொல்லு மக்களே" என்றார் உபதேசியார் மெதுவாக.

கூட்டத்தில் ஒருவன், "செக்கன் மறந்நு போயி" என்றான். பையன் மறந்துவிட்டான். சிலர் சிரித்தார்கள்.

நான் எட்டி அந்த வளைகளை அப்பாவின் கையிலிருந்து எடுத்தேன். மூட்டை தூக்குகிற கை அது. அவர் பிடித்திருந்தால் என்னால் எடுத்திருக்க முடியாது. அவர் பிடிக்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு, மீன்கூடைகளுக்கு நடுவே புகுந்து, நகரத்துச் சாலையில் ஏறினேன். எனக்கு இருந்த எண்ணம் ஒன்றுதான். அம்மா வேலை முடிந்து வருவதற்குள் வளை பெட்டிக்குள் போய்விட வேண்டும். போய்விட்டால் அம்மா வீட்டைவிட்டுப் போகமாட்டாள்.

நடந்தே போனால் அது முடியாது என்று கணக்குப் போடத் தெரியவில்லை. பஸ்ஸுக்கு என்னிடம் எதுவும் இல்லை.

ஸ்ரீகாரியத்தில் தண்ணீர் குடிக்க ஒரு குழாயடியில் நின்றேன். நிமிர்ந்தபோது தூரத்தில் அப்பா வருவது தெரிந்தது. தனியாக. நான் நடந்தேன். அவரும் நடந்தார். கூப்பிடவில்லை, எட்டிப் பிடிக்கவும் பார்க்கவில்லை. அவருடைய செருப்பின் சத்தம் லாரிகள் போனபிறகு கேட்கும், லாரி வந்தால் மறையும். அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே நடந்தேன்.

கேசவதாசபுரத்துக்கு முன்னால் ஒரு சாராயக்கடை இருந்தது. இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. முட்டை வறுவலும் ஊறுகாயும் கலந்த அந்த மணம் சாலைக்கே வந்தது. நான் அதைக் கடந்து, எதிர்ப்பக்கம் ஓடைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். கால் வலி ஒரு காரணம். இன்னொரு காரணம் உங்களுக்கே தெரியும்.

அப்பா கடைக்கு நேரே வந்ததும் நின்றார். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலில் நின்ற ஒருவன், "வெயிலல்லே சேட்டா, கேறி வா" என்றான். உள்ளே வா என்று. அவனுக்கு அப்பாவைத் தெரியாது. நின்றவனை அழைத்தான், அவ்வளவுதான். அப்பா அவனைப் பார்த்தார். பிறகு சாலைக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தார்.

"வளை இருக்கா?" என்று கேட்டார்.

எடுத்துக் காட்டினேன்.

"விழுந்துராம வை" என்றார். கடையைத் தாண்டி வந்தார். நானும் எழுந்தேன். அதற்குப் பிறகு எங்களுக்கு நடுவில் இருந்த தூரம் கொஞ்சம் குறைவு. பட்டத்தில், பாளையத்தில், நாங்கள் நின்று சாட்சி சொன்ன இடங்களையெல்லாம் கடந்து போனோம். சுண்டல் விற்கிறவன் என்னை அடையாளம் கண்டு, "இன்னு பிரசங்கம் இல்லே?" என்று கேட்டான்.

ஆரியசாலையில் விளக்கு வைத்துவிட்டிருந்தார்கள். எங்கள் வீடு சரக்குக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்று. சந்தில் ஒரு புளிக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு உபதேசியார் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் எங்களுக்கு முன்பே வந்து, நடந்ததை அம்மாவிடம் சொல்லியிருந்தார். கதவு திறந்திருந்தது. தகரப் பெட்டி வாசலருகே வந்திருந்தது. அம்மாவின் சேலைகளும் என் சட்டைகளும் மடித்து உள்ளே இருந்தன.

உபதேசியார் எழுந்து அப்பாவிடம், "சம்மதம்னு சொன்னியே தம்பி" என்றார். பிறகு வாசலில் நின்ற அம்மாவின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நான் இத ஒன்னட்ட ஒரு தடவை கேட்டிருக்கணும். கேக்கல்ல. எத்தனையோ தடவை இந்த வீட்ல காப்பி குடிச்சேன். கேக்கல்ல."

"ஐயா கொஞ்சம் அங்கன இருங்க" என்றாள் அம்மா. அவர் மறுபடி கூடையில் உட்கார்ந்தார்.

நான் வளைகளைக் கொடுத்தேன். அம்மா விளக்கடியில் கொண்டுபோய், பல் பட்ட இடத்தைத் தேடிப் பார்த்தாள். இருந்தது. கையில் மூடிக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"இத வச்சு என்ன சொல்லப் போனிய?"

அப்பா வாசற்படியைத் தாண்டி நின்றார். "ஒனக்குத் தெரியாததா?"

"தெரியாது. நான் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன். நீங்க எங்க நின்னியன்னு ஊருக்கெல்லாம் தெரியும். பாளையத்துக்காரனுக்குத் தெரியும், பஸ்ஸுக்கு நின்னவனுக்குத் தெரியும். எங்கிட்ட ஒரு நாளு சொல்லியிருக்கியளா?"

அப்பா சொல்ல ஆரம்பித்தார். தெருவில் பேசிப் பழகிய வாய். ஒரு வரி சொல்லி நிறுத்தினார். ரிக்‌ஷாவைப் பிடிச்சிட்டேன் என்றார், நிறுத்தினார். அந்த இடைவெளி என்னுடையது. நான் திருப்பிச் சொல்வதற்காக அவர் விட்டுப் பழகிய இடம். யாரும் அதை நிரப்பவில்லை. அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே உபதேசியார் இருமாமல் உட்கார்ந்திருந்தார். அந்த அமைதிக்குள் தன்னுடைய வரியைத் தானே கேட்க வேண்டியிருந்ததாலோ என்னவோ, அடுத்து வந்தது சாட்சியில் இருந்ததில்லை.

"குடிச்சு நினைவு தப்பல்ல" என்றார் அப்பா. நிறுத்தினார். "அப்படிச் சொன்னது பொய்." மறுபடி நிறுத்தினார். "வண்டியில ஏறி உக்காந்தேன். வீட்டுக்கு வந்தா அவ சத்தம் நின்னிருக்கும்னு தோணுச்சு. கதவத் தொறக்க பயமா இருந்துது. எறங்கிட்டேன். அதுக்குப் பெறகாக்கும் குடிச்சது."

அவர் அழுதார். அழுகைக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று உபதேசியார் எனக்குச் சொல்லியிருந்தார். நான் சும்மா நின்றேன்.

அம்மா கடைசியில் சொன்னாள்: "எனக்கும் பயமாத்தான் இருந்துது. நான் தூக்கிட்டு நடந்தேன்."

"ஆமா" என்றார் அப்பா.

"கர்த்தர் எடுத்தாருன்னு இனி சொல்லாதிய. யாருகிட்டயும்."

"சொல்லமாட்டேன்."

அம்மா எழுந்து வளைகளைப் பெட்டிக்குள் வைத்தாள். சேலைகளை வெளியே எடுக்கவில்லை. பெட்டியையும் உள்ளே தள்ளவில்லை. வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, "ஐயா, கஞ்சி இருக்கு. குடிச்சிட்டுப் போங்க" என்றாள். உபதேசியார் உள்ளே வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து குடித்தார். யாரும் ஜெபம் செய்யச் சொல்லவில்லை. அவரும் செய்யவில்லை. போகும்போது வாசலில் நின்று, நாளைக்கு எங்கே கூட்டம் என்று வழக்கமாகச் சொல்வதை வாய்வரை கொண்டுவந்து விழுங்கினார்.

அதற்குப் பிறகு அப்பா குடித்தாரா என்று கேட்பீர்கள். சில தடவை குடித்தார். பல வருஷங்கள் குடிக்கவில்லை. உபதேசியார் கடைசிவரை சாராயக்கடை வாசல்களில் சைக்கிளோடு நின்றார். புதிதாகச் சாட்சி சொல்ல வருகிறவனின் வீட்டுக்கு முதலில் தான் போய் அவன் மனைவியிடம் பேசிவிட்டு வருவார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். பெட்டி அந்த மழைக்காலம் முழுக்க வாசலருகே இருந்தது. நாங்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். எப்போது உள்ளே போனது என்று எனக்குத் தெரியாது.

அன்று கஞ்சி குடித்த கையோடு அம்மா ஒரு முடிவு சொன்னாள். அப்பா இனி சாலைக் கடைத்தெருவில் முழுநேரமும் மூட்டைக்குப் போக வேண்டும். சாயங்காலத்தில் அவர் தனியாக இருக்கக்கூடாது. யாராவது ஒருவர் கண்பார்வையில் வேண்டும். அவளுக்கு வத்தலை விட்டு வர முடியாது. மிச்சம் இருந்தது நான். பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. "நின்டெ பாரியய்க்கு சுகமாணோ" என்று கேட்க இனி அங்கே ஆள் இருக்காது என்று ஒரு நிம்மதிகூட இருந்தது.

மறுநாள் காலை அம்மா என்னைச் சாலைத் தெருவில் ஒரு சாயாக்கடைக்குக் கூட்டிப்போனாள். கடைக்கார மலையாளி பாய்லருக்குக் கரி போட்டுக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது ஆ பாபியல்லே?" என்றார். அந்தப் பாவிதானே இது. "ஞான் கேட்டிட்டுண்டு. நல்ல தொண்டையா. மதி." கேட்டிருக்கிறேன், நல்ல தொண்டை, அது போதும்.

கம்பித் தூக்கில் கண்ணாடி டம்ளர்களை அடுக்கிக் கொடுத்தார். கிட்டங்கிகளுக்குக் கொண்டுபோய், இரண்டு மொழியிலும் கூவி, காலி டம்ளர்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். முதல் நடையில் அப்பா அரிசி மூட்டையை இறக்கிவிட்டு நின்றார். டம்ளரை வாங்கினார். "சூடா இருக்கு" என்றார், நிறுத்தினார். பிறகு அவராகவே ஊதிக் குடித்தார்.

சாலைத் தெருவில் அப்போது சாயாக்கடைகளுக்குக் குறைவில்லை. அம்மா கேட்டது இந்த ஒன்றை மட்டும்தான். அது அப்பாவின் கிட்டங்கிக்கும் தெருமுனைச் சாராயக்கடைக்கும் நடுவில் இருந்தது.